60 கோடி கேட்டவரும் 52 கோடி கேட்டவரும்: ஓர் அண்டியாபீஸ் விற்பனை

60 கோடி ரூபாய்க்கு ஏலம் போன ஒரு முந்திரி ஆலைக்காக, அதன் உரிமையாளர்கள் மூவருக்கும் சேர்த்து வங்கியில் வந்து விழுந்தது 25 கோடியே 40 லட்சம். 52 கோடி கேட்டவருக்கு விற்றிருந்தால் 36 கோடி வந்திருக்கும். யாரும் யாரையும் ஏமாற்றவில்லை. கழிந்த ஒவ்வொரு ரூபாயும் கையெழுத்தான ஒப்பந்தப்படிதான் கழிந்தது. அந்த ஒப்பந்தத்தை வரி வரியாகப் படித்தவர்களில் நானும் ஒருவன். எனவே இந்த ஆய்வில் குற்றம் சுட்டும் விரல் சில இடங்களில் என் பக்கமே திரும்பும்.

நாகர்கோவிலில் கணக்குத் தணிக்கை செய்வது என் தொழில். உரிமையாளர்களின் ஒப்புதலோடுதான் எழுதுகிறேன். பெயர்களை விட்டுவிட்டேன், தொகைகளையும் மாற்றியிருக்கிறேன். தொகைகளுக்குள் இருக்கும் உறவு மட்டும் நடந்தது நடந்தபடி.

ஆலை

விளவங்கோடு வட்டத்தில் இருக்கிறது அது. ஊரில் யாரும் முந்திரி ஆலை என்று சொல்வதில்லை, அண்டியாபீஸ்தான். அப்பா தொடங்கியது. அவர் காலத்துக்குப் பிறகு மூன்று பிள்ளைகள் சம பங்கு வைத்திருந்த பிரைவேட் லிமிடெட் நிறுவனம். அண்ணன் கொட்டை வாங்குவதையும் வங்கியையும் பார்த்தார். தம்பி ஏற்றுமதியைக் கவனித்தார். நடுவில் பிறந்த அக்கா தக்கலையில் இருக்கிறார். ஆலைப் பக்கம் அதிகம் வருவதில்லை. ஆனால் இருபது ஆண்டுகளாக ஏலச்சீட்டு நடத்துகிறவர். இந்த விவரம் பின்னால் தேவைப்படும்.

உடைப்பு, தோலுரிப்பு, தரம் பிரிப்பு என்று 400 பெண்கள் அங்கே வேலை செய்கிறார்கள். நம் மாவட்டத்துக் கொல்லாமரங்களை நம்பி அந்த ஆலை ஓடாது. மேற்கு ஆப்பிரிக்காவிலிருந்து தூத்துக்குடி வழியாகக் கொட்டை வருகிறது. ஏப்ரல் முதல் ஜூலை வரை கிடங்கு நிரம்பும். ஜனவரியில் தரை தெரியும். கொட்டை வாங்கும் பணம் வங்கிக் கடன் என்பதால் கடனும் அதே தாளத்தில் ஏறி இறங்கும். கிடங்கும் கடனும் சேர்ந்தே ஏறும், சேர்ந்தே இறங்கும். இதை வாசகர் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். மூன்றரைக் கோடி அங்கேதான் தொலைந்தது.

அடுத்த தலைமுறையில் யாருக்கும் அண்டியாபீஸ் வேண்டாம். ஒரு பிள்ளை பெங்களூரில், இருவர் கனடாவில். விற்றுவிடலாம் என்று மூவரும் ஒரே நாளில் முடிவெடுத்தார்கள். அவர்கள் ஒரே நாளில் ஒத்துப்போனது எனக்குத் தெரிந்து அந்த ஒரு முறைதான்.

ஏலம் எப்படி நடந்தது

கொச்சியிலிருந்து ஓர் ஆலோசகரை அமர்த்தினார்கள். நிறுவன விற்பனையில் ஏலம் என்பது ஒரு மண்டபத்தில் சுத்தியல் தட்டி நடப்பதல்ல. முதலில் பெயர் சொல்லாமல் இரண்டு பக்கக் குறிப்பு ஒன்று போகும்: 'தென்தமிழகத்தில் ஏற்றுமதி செய்யும் முந்திரி நிறுவனம், இவ்வளவு விற்பனை, இவ்வளவு லாபம்.' ஆர்வம் காட்டுகிறவர் ரகசியம் காப்பதாகக் கையெழுத்திட்ட பிறகே பெயரும் விரிவான தகவல் ஏடும் கொடுக்கப்படும். கூடவே ஒரு விதிமுறைக் கடிதம். எந்தத் தேதிக்குள் விலை சொல்ல வேண்டும், எந்த வடிவில் சொல்ல வேண்டும், பணம் எங்கிருந்து வருகிறது என்றெல்லாம் அந்தக் கடிதம் கேட்கும். ஏலத்தின் எலும்பு அந்தக் கடிதம்தான். எங்கள் கடிதத்தில் 'விலை' என்று மட்டும் கேட்டிருந்தோம். எந்த விலை என்று கேட்கவில்லை.

முதல் சுற்றில் சொல்லும் விலை யாரையும் கட்டுப்படுத்தாது. சும்மா விரலை நீட்டிப் பார்ப்பது போல. நான்கு பேர் வந்தார்கள். மும்பையைச் சேர்ந்த நொறுக்குத்தீனி நிறுவனம் ஒன்று 50 கோடி என்றது. ஒரு முதலீட்டு நிதி, அதாவது பலரிடம் திரட்டிய பணத்தில் நிறுவனங்களை வாங்கும் அமைப்பு (இனி 'நிதி'), 60 முதல் 66 கோடி வரை என்று எழுதியது. கொல்லத்து ஏற்றுமதியாளர் 44. மங்களூருக்காரர் 38 என்று சொல்லிவிட்டு அதோடு நின்றுகொண்டார்.

மீதி மூவருக்கும் டேட்டா ரூம் திறந்தோம். பெயர்தான் அறை, இப்போது எல்லாம் இணையத்தில் பூட்டிய கோப்புகள். யார் எந்தக் கோப்பை எத்தனை முறை திறந்தார்கள் என்பதுகூட விற்பவருக்குத் தெரியும். கொல்லத்துக்காரர் இதே தொழிலில் போட்டியாளர் என்பதால் வெளிநாட்டு வாடிக்கையாளர் பட்டியலில் பெயர்களை மறைத்துக் காட்டினோம். அதைக்கூட ஒழுங்காகச் செய்தோம் என்பதை இங்கே பதிந்து வைக்கிறேன். நல்ல வேலையும் கொஞ்சம் நடந்தது.

இரண்டாம் சுற்றில் சொல்லும் விலை கட்டுப்படுத்தும். விலையோடு, நாங்கள் அனுப்பிய பங்கு விற்பனை ஒப்பந்த வரைவில் தங்கள் திருத்தங்களையும் எழுதி அனுப்ப வேண்டும். அக்டோபரில் மூன்று உறைகள் வந்தன. நிதி 60 கோடி. மும்பை நிறுவனம் 52. கொல்லம் 45. டேட்டா ரூமைப் பார்த்த பிறகு நிதி தன் மேல்வரம்பிலிருந்து இறங்கியிருந்தது. மும்பையும் கொல்லமும் ஏற்றியிருந்தன. இந்த வேறுபாட்டை நாங்கள் அன்று பேசவே இல்லை.

மும்பையின் திருத்தங்கள் நான்கு பக்கம். நிதியின் திருத்தங்கள் முப்பத்தெட்டுப் பக்கம்.

தக்கலையில் ஒரு மாலை

அக்கா வீட்டில் கூடினோம். ஆலோசகர் கொச்சியிலிருந்து போனில். அண்ணன் தாளில் 60, 52, 45 என்று ஒன்றன்கீழ் ஒன்றாக எழுதி மேலே இருந்ததை வட்டமிட்டார்.

"குளச்சலில் மீன் ஏலம் பார்த்திருக்கிறீர்கள் அல்லவா? கூட்டிக் கேட்டவனுக்குத்தான் மீன். இதில் யோசிக்க என்ன இருக்கிறது?" என்றார்.

அக்கா உடனே பதில் சொல்லவில்லை. தேநீர் கொண்டுவந்து வைத்துவிட்டுத்தான் பேசினார். "அண்ணா, சீட்டில் ஒருவன் எவ்வளவு தள்ளிக் கேட்டான் என்று பார்த்துவிட்டு மட்டும் பணத்தை எடுத்துக் கொடுத்தால் நான் என்றோ தெருவில் நின்றிருப்பேன். ஜாமீன் யார் என்று பார்ப்பேன். அந்த 38 பக்கத்தில் என்ன இருக்கிறது என்று முதலில் சொல்லச் சொல்லுங்கள்."

என்னைத்தான் பார்த்தார். "பெரும்பாலும் வக்கீல் மொழி அக்கா, பேசித் தீர்த்துக்கொள்ளலாம்" என்றேன். இந்த விற்பனையில் நான் சொன்ன மிகவும் விலையுயர்ந்த வாக்கியம் அது.

அண்ணன் சொன்ன குளச்சல் உவமை தவறானது அல்ல. பொருந்தாத இடத்தில் வைக்கப்பட்டது. துறைமுகத்தில் மீன் கண் முன்னால் கிடக்கிறது. எல்லோரும் ஒரே மீனைப் பார்க்கிறார்கள். கேட்ட விலையைத்தான் கொடுக்க வேண்டும். நெய்மீனை வீட்டுக்குக் கொண்டுபோய் வெட்டிப் பார்த்துவிட்டு விலை குறைக்க முடியாது. எல்லாக் கேள்விகளும் ஒரே வடிவில் இருப்பதால்தான் பெரிய எண் வெல்வது நியாயமாகிறது.

நிறுவன ஏலத்திலும் அப்படி நடப்பதுண்டு. 2007 ஜனவரி 30 இரவு பிரிட்டனின் கோரஸ் எஃகு நிறுவனத்துக்காக டாடா ஸ்டீலும் பிரேசிலின் சிஎஸ்என் நிறுவனமும் மோதின. பிரிட்டனின் டேக்ஓவர் பேனல் என்ற கண்காணிப்பு அமைப்பு வகுத்த விதிப்படி சுற்றுச் சுற்றாக ஏலம். ஒன்பது சுற்று வரை போனது. 2006 அக்டோபரில் ஒரு பங்குக்கு 455 பென்ஸ் என்று தொடங்கிய டாடா, கடைசியில் 608 பென்ஸில் வென்றது. சிஎஸ்என் நின்ற இடம் 603. ஐந்து பென்ஸ் வித்தியாசத்தில் முடிந்தது என்றால், இரு தரப்பும் ஒரே பங்கை ரொக்கத்துக்குக் கேட்டார்கள் என்று பொருள். அங்கே குளச்சல் நியாயம் செல்லும். 455 எப்படி 608 ஆனது என்பதையும் கவனிக்க வேண்டும். டாடாவின் ஆசை அதை ஏற்றவில்லை. விடாமல் எதிரே நின்ற இரண்டாமவர் ஏற்றினார். விற்பவருக்கு உண்மையான நண்பன் ஏலத்தில் தோற்கப் போகிறவன்தான். இதைப் பிறகு பட்டுத்தான் தெரிந்துகொண்டோம்.

ஏலத்தின் வடிவம் முடிவையே மாற்றும் என்பதற்கு ஏர் இந்தியாவைப் பார்க்கலாம். 2018இல் 76 சதவீதப் பங்கை விற்க அரசு முன்வந்தபோது ஒருவரும் விலை கேட்கவில்லை. பிறகு முழுப் பங்கும் விற்பனைக்கு வந்தது. எவ்வளவு கடனைச் சுமப்பது என்று முன்பே நிர்ணயிப்பதை விட்டுவிட்டு, கடனும் பங்கும் சேர்ந்த மொத்த மதிப்பாக ஒரே எண் சொல்லுங்கள், அதில் குறைந்தது 15 சதவீதம் ரொக்கமாக இருக்கட்டும் என்று விதி மாறியது. 2021 அக்டோபரில் டாடா குழுமம் 18,000 கோடிக்கு வென்றது: 15,300 கோடி கடன், 2,700 கோடி ரொக்கம். எதிர்த்தரப்பு கேட்டது 15,100 கோடி. அரசின் அடிப்படை விலை 12,906 கோடி. எண்ணுக்குள் என்ன இருக்க வேண்டும் என்பதை விற்பவர் எழுதியதால்தான் 18,000த்தையும் 15,100ஐயும் பக்கத்தில் வைத்து ஒப்பிட முடிந்தது.

ஒப்பிட முடியாதபோது பெரிய எண்ணை விட்டுவிடுவதும் உண்டு. 1988 நவம்பரில் அமெரிக்காவின் ஆர்ஜேஆர் நபிஸ்கோ நிறுவனத்துக்கு அதன் தலைமை நிர்வாகியின் குழு பங்குக்கு 112 டாலர் கேட்டது. கேகேஆர் என்ற முதலீட்டு நிறுவனம் 109 கேட்டது. இயக்குநர் குழு 109க்கே விற்றது. இரண்டு விலையிலும் ஒரு பகுதி ரொக்கமல்ல, கடன்பத்திரம் போன்ற காகிதம். அந்தக் காகிதம் நாளை என்ன பெறும் என்பதில் கேகேஆர் கொடுத்த உறுதி வலுவாக இருந்தது. தக்கலையில் அக்கா கேட்ட ஜாமீன் கேள்வியும் இதுவேதான்.

அன்று மாலை இதையெல்லாம் நான் பேசவில்லை. எட்டு மணிக்கு வாக்கெடுப்பு: 60 கோடிக்கு இரண்டு, எதிராக ஒன்று.

அறுபது நாள்

நிதி ஒரு நிபந்தனை வைத்தது. இறுதி ஆய்வுக்கு 60 நாள் வேண்டும். அதுவரை வேறு யாரோடும் பேசக் கூடாது. இதைத் தனியுரிமைக் காலம் என்பார்கள். நவம்பர் நடுவில் கையெழுத்திட்டோம். மும்பைக்கும் கொல்லத்துக்கும் நன்றி சொல்லிக் கடிதம் போனது.

அந்தக் கடிதம் போன நிமிடத்தில் ஏலம் முடிந்துவிட்டது. விலை முடியவில்லை, ஏலம் மட்டும் முடிந்துவிட்டது. அதுவரை மூன்று பேர் எங்களுக்காகக் காத்திருந்தார்கள்; அதன் பிறகு நாங்கள் ஒருவருக்காகக் காத்திருந்தோம். நிதி அனுப்பிய கடிதத்தை இப்போது எடுத்துப் படித்தால், '60 கோடி' என்ற வரிக்குக் கீழே 'எங்கள் முதலீட்டுக் குழுவின் ஒப்புதலுக்கும் திருப்திகரமான ஆய்வுக்கும் உட்பட்டு' என்று இருக்கிறது. கட்டுப்படுத்தும் விலை என்று நாங்கள் பெயர் வைத்த உறைக்குள் யாரையும் கட்டுப்படுத்தாத விலை இருந்தது.

ஏலத்தில் வென்றவர் அளவுக்கு மீறிக் கொடுத்துவிடும் ஆபத்தைப் பற்றிப் பொருளியலில் நிறைய எழுதியிருக்கிறார்கள். 1971இல் அமெரிக்க எண்ணெய் நிறுவனப் பொறியாளர்கள் மூவர், கடலடி எண்ணெய்க் குத்தகை ஏலங்களில் வென்றவர்களுக்கு எதிர்பார்த்த லாபம் ஏன் கிடைப்பதில்லை என்று ஆராய்ந்து எழுதினார்கள். பலர் மதிப்பிடும்போது மிகையாக மதிப்பிட்டவரே வெல்கிறார் என்பது சாரம். ஆனால் அந்தக் குத்தகையில் கேட்ட பணத்தைக் கட்டியாக வேண்டும். வென்ற பிறகு விலையைத் திருத்த வழியிருந்தால் மிகையாகக் கேட்பதில் ஆபத்தே இல்லை. அது நுழைவுச் சீட்டு ஆகிவிடுகிறது. நிதி திட்டமிட்டே அப்படிச் செய்தது என்று நான் சொல்ல மாட்டேன். செய்ய வேண்டிய அவசியமே இல்லாதபடி கதவை நாங்கள் திறந்து வைத்திருந்தோம்.

ஆறாம் வாரத்தில் மும்பை நிறுவனம் வேறொரு மாநிலத்தில் ஓர் ஆலையை வாங்கிவிட்டதாகச் செய்தி வந்தது. ஏழாம் வாரத்தில் நிதியிடமிருந்து கடிதம்.

கழித்தல்

60 கோடியில் 8 கோடி ஏர்ன் அவுட். அதாவது, அடுத்த இரண்டு ஆண்டும் லாப இலக்கைத் தொட்டால் ஆண்டுக்கு நான்கு கோடி தருவார்கள். இது முதலிலிருந்தே கடிதத்தில் இருந்தது. அண்ணனின் தாளில்தான் இல்லை. ஆக, உறுதியான விலை 52. மும்பை கேட்ட அதே 52.

அடுத்தது லாபம். வட்டி, வரி, தேய்மானம் கழிக்கும் முன் உள்ள லாபத்தை எபிட்டா என்பார்கள். எங்கள் கணக்கில் 8 கோடி. நிதியின் விலை அதன் ஏழரை மடங்கு. ஆய்வுக்கு வந்தவர்கள் இரண்டு விஷயம் கண்டார்கள். தம்பி மாதம் 50,000 ரூபாய் மட்டும் எடுத்துக்கொண்டு ஏற்றுமதியைப் பார்த்தார். அவர் இடத்தில் சம்பளத்துக்கு ஆள் வைத்தால் ஆண்டுக்கு 30 லட்சம் கூடும். ஒரு முறை வந்த காப்பீட்டுத் தொகை 30 லட்சமும் லாபத்தில் கலந்திருந்தது. இரண்டும் சரியான கண்டுபிடிப்புதான். 60 லட்சத்தை ஏழரையால் பெருக்கினால் நாலரைக் கோடி. 47.5.

வங்கிக் கடன் 16 கோடி கழிந்தது. 31.5.

பிறகு பணிக்கொடை. அப்போதிருந்த 1972ஆம் ஆண்டுச் சட்டப்படி, முடித்த ஒவ்வோர் ஆண்டுக்கும் 15 நாள் கூலி. 400 பெண்களுக்கும் சராசரியாக ஆளுக்கு 65,000 ரூபாய், மொத்தம் 2.6 கோடி. இதற்கென்று நிறுவனம் தனியாகப் பணம் ஒதுக்கவில்லை. எனவே இது கடனுக்குச் சமம் என்றார்கள். 28.9. மும்பை நிறுவனம் இதே தொகையைப் பற்றி 'எங்கள் விலையில் கணக்கிட்டுக்கொண்டோம்' என்று ஒரு வரியில் எழுதியிருந்தது. அந்த ஒரு வரி 2.6 கோடி பெறும் என்பது அன்று எனக்கு உறைக்கவில்லை.

கடைசியாக, கிடங்கு. விற்பனை முடியும் நாளில் வழக்கமான அளவு நடைமுறை மூலதனம், அதாவது தொழிலை அன்றாடம் ஓட்டத் தேவையான சரக்கு போன்றவை, ஆலையில் இருக்க வேண்டும். குறைந்தால் விலையில் கழிப்பார்கள், கூடினால் கொடுப்பார்கள். வழக்கமான அளவு என்று பன்னிரண்டு மாதச் சராசரியான 16 கோடியை எழுதியிருந்தார்கள். விற்பனை முடிந்த நாள் ஜனவரி 31, கிடங்கில் தரை தெரியும் காலம். இருந்தது 12.5 கோடி. மூன்றரைக் கோடி குறைவு, கழித்தார்கள். 25.4.

இதில் என்ன தவறு? கொட்டை குறைந்த அளவுக்குக் கடனும் அன்று குறைந்திருந்தது. ஜனவரி 31 அன்று உண்மையான கடன் 12.5 கோடிதான். ஆனால் 38 பக்கத்தில் எங்கோ, 'பருவத்துக்கு ஏற்ப மாறும் கடன் என்பதால் பன்னிரண்டு மாதச் சராசரி கணக்கில் கொள்ளப்படும்' என்று ஒரு வரையறை இருந்தது. ஒரே குளத்தில் நீரைக் கோடையில் அளந்தார்கள், வண்டலை ஆண்டு முழுவதற்கும் அளந்தார்கள். இரண்டையும் அன்றைய நிலையிலோ இரண்டையும் சராசரியிலோ எடுத்திருந்தால் மூன்றரைக் கோடி எங்களிடம் இருந்திருக்கும். மும்பையின் வரைவில் இரண்டுமே அன்றைய நிலைதான்: 52 கோடியில் கடன் 12.5, குறைவு 3.5 கழிந்து 36. அதில் பத்தில் ஒரு பங்கை மட்டும் ஓராண்டு எஸ்க்ரோ கணக்கில், அதாவது மூன்றாம் தரப்பின் பொறுப்பில், வைத்திருப்பார்கள்.

இந்த வரையறையை நான் படித்தேன். தனியாகப் படித்தபோது நியாயமாகத்தான் தோன்றியது. நடைமுறை மூலதனப் பிரிவு பதினொரு பக்கம் தள்ளி இருந்தது. இரண்டையும் ஒரே தாளில் வைத்துக் கணக்குப் போட்டுப் பார்க்கவில்லை. வக்கீல் இதைக் கணக்காளர் வேலை என்று நினைத்தார்; நான் வக்கீல் வேலை என்று நினைத்தேன்.

கடிதம் வந்த அன்று அண்ணன் கேட்டார்: "முடியாது என்று சொல்லிவிட்டால்?" சொல்லலாம். ஆனால் மும்பை போய்விட்டது. கொல்லத்துக்காரரை அழைத்தபோது, நிதி ஏன் பின்வாங்கியது என்றுதான் முதலில் கேட்டார். அவர் விலை 38க்கு இறங்கியிருந்தது. ஒருவர் பார்த்துவிட்டு வைத்த மீனை அடுத்தவர் மோந்து பார்க்காமல் எடுப்பதில்லை. நிதியின் கடிதத்தில் வேறு வழியில்லாமல் கையெழுத்தானது.

வேறு எப்படிச் செய்திருக்கலாம்

நவம்பரில் யாரையும் அனுப்பியிருக்கக் கூடாது. நிதியோடும் மும்பையோடும் ஒரே நேரத்தில் ஒப்பந்தத்தின் கடைசி வரி வரை பேசி முடித்து, கையெழுத்துக்கு முந்தைய நாள் ஒருவரைத் தேர்ந்திருக்க வேண்டும். வாங்குபவர்கள் முணுமுணுப்பார்கள், வக்கீல் செலவு இரட்டிப்பாகும். பத்துக் கோடிக்கு முன் அந்தச் செலவு ஒன்றுமில்லை. தனியுரிமை கொடுத்தே ஆக வேண்டுமென்றால் இரண்டு வாரம் போதும். விலையை ஒரு ரூபாய் குறைத்தாலும் தனியுரிமை அந்த நிமிடமே காலாவதி என்று எழுதியிருக்கலாம்.

அதற்கும் முன்னால், ஏலம் தொடங்குமுன் பணிக்கொடையையும் தம்பியின் சம்பளத்தையும் நாங்களே கணக்கிட்டு டேட்டா ரூமில் வைத்திருக்க வேண்டும். குறையை விற்பவர் சொன்னால் அது தகவல். வாங்குபவர் கண்டுபிடித்தால் அது கழிவு. விதிமுறைக் கடிதத்தில் 'விலை' என்பதற்குப் பதிலாக, விற்பனை முடியும் நாளில் உரிமையாளர் கையில் வரும் ரொக்கம் எவ்வளவு என்று கேட்டிருந்தால் அண்ணனின் தாளில் வேறு எண்கள் இருந்திருக்கும். பூட்டிய பெட்டி என்றொரு முறையும் உண்டு: ஒரு தேதியின் இருப்புநிலைக் குறிப்பில் விலையைப் பூட்டிவிட்டு, பிறகு ஏற்ற இறக்கமே இல்லாமல் விற்பது. பருவத்தொழிலுக்கு அது எளிது. அதை நான் இந்த விற்பனைக்குப் பிறகுதான் முழுமையாகப் படித்தேன்.

ஆலை ஓடுகிறது. 400 பெண்களில் யாருக்கும் வேலை போகவில்லை. அந்த வகையில் நிதி சொன்ன சொல்லைக் காப்பாற்றியது. ஏர்ன் அவுட்டின் முதல் ஆண்டில் கொட்டை விலை ஏறி இலக்கு தவறியது. நான்கு கோடி போனது. இரண்டாம் ஆண்டுக் கணக்கு வரும் மார்ச் 31 அன்று முடிகிறது. வாங்கியவர் கணக்கை அனுப்பிய நாளிலிருந்து 30 நாட்களுக்குள் எழுத்தில் மறுக்காவிட்டால் அதை ஏற்றுக்கொண்டதாகப் பொருள் என்று ஒப்பந்தத்தில் ஒரு பிரிவு இருக்கிறது. போன வாரம் அக்கா அந்தப் பக்கத்தைப் படமெடுத்து எனக்கு அனுப்பியிருந்தார். 30 என்ற எண்ணைச் சிவப்பு மையால் இரண்டு முறை வட்டமிட்டிருந்தார்.